காட்சியும் கண்ணோட்டமும்

காண்பதெல்லாம் அறிவாகுமா? அறிவதெல்லாம் அறமாகுமா? பழமையான இவ்வினாக்கள், துணைக்கோள்கள் வானிலிருந்து கடலை ஆராயும் இக்காலத்தில் புதிய கூர்மை பெற்றுள்ளன.

கரையில் நின்றவன் அலையை மட்டுமே கண்டான். கலத்தில் சென்றவன் தன் வழியை மட்டுமே கண்டான். 1978-ஆம் ஆண்டில் ஏவப்பட்ட 'சீசாட்' கடலை ஆராய்வதற்கென்றே அமைந்த முதல் துணைக்கோளாகும். ஏறத்தாழ நூறு நாள்களே அது உழைத்தது. ஆயினும் அது காட்டிய வழியில் பல கண்கள் வானேறின. துணைக்கோள் அனுப்பும் ரேடார் துடிப்பு நீரில் பட்டு மீளும் நேரத்தைக் கொண்டு கடல்மட்டத்தைச் சில செண்டிமீட்டர் நுட்பத்தில் அளக்கலாம். நீரின் நிறம் நுண்பாசியின் பெருக்கத்தைக் காட்டும். வெப்பக்கதிர் மேற்பரப்பின் வெப்பநிலையைக் காட்டும். இவற்றைக் கொண்டு ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் மையம், மீன் திரளக்கூடிய இடங்களை மீனவருக்கு அறிவிக்கின்றது.

இத்துணைப் பேராற்றல் பெற்ற கண், 2004 டிசம்பர் 26 அன்று என்ன செய்தது? சுமத்ராவையொட்டி நிலம் அதிர்ந்த இரண்டு மணி நேரத்தில், 'ஜேசன்-1' என்னும் துணைக்கோள் இந்தியப் பெருங்கடலைக் கடந்தது. ஆழ்கடலில் ஏறத்தாழ 60 செண்டிமீட்டரே உயர்ந்திருந்த ஆழிப்பேரலையை அது பிழையின்றி அளந்தது. ஆனால் அவ்வளவை ஆய்ந்து பொருள் காணப் பல மணி நேரம் ஆயிற்று. அதற்குள் நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பினாங்கு, கெடா, பேராக் கரைகளிலும் உயிர்கள் பலியாயின.

அதே நாளில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூரில் நிகழ்ந்தது வேறு. சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர், செய்தி அறிந்ததும் வீட்டாருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி முழங்கிற்று. 3,000-க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர்.

அலையை அளந்தது ஒன்று. ஊரைக் காத்தது மற்றொன்று. இவ்வேறுபாடு பேராக்கின் தோட்டப்புற வாழ்வை அறிந்தவர்க்குப் புதிதன்று. ஈப்போவைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் துரையின் பங்களா பெரும்பாலும் மேட்டில் நின்றது. அங்கிருந்து நோக்கினால் நிரைநிரையாகப் பால்மரங்கள். தாழ்விடத்தில் லயன் வீடுகள். விடியற்காலைப் பெரட்டில் ஆட்கணக்கு எடுக்கப்பட்டது. வெட்டிய பாலின் எடை ஏட்டில் பதிந்தது. கணக்கில் பிழையில்லை. ஆயினும் பெரட்டுக்கு வாராதவளின் காய்ச்சல் அவ்வேட்டில் ஏறவில்லை. அதனை அறிந்தவள் அடுத்த வீட்டுக்காரி. கஞ்சி கொண்டு சென்றவளும் அவளே.

அங்ஙனமாயின் உயரத்திலிருந்து காண்பது குற்றமா? அன்று. அன்பு மட்டும் போதுமெனில், அன்று கடற்கரைகளில் மாண்டவர்க்கு அன்புடையார் இல்லாமலா போயினர்? அயலார் அன்பு அங்கும் இருந்தது, செய்திதான் வரவில்லை. அறிவில்லா அன்பு கையற்று நிற்கும். அன்பில்லா அறிவு கணக்காகவே நின்றுவிடும். இரண்டையும் இணைக்கும் வழியை முன்னரே அமைத்து வைப்பதுதான் அறிந்தவர் கடன். 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பெற்றது, இக்கடனைக் காலந்தாழ்ந்தேனும் உணர்ந்ததன் அடையாளமாகும்.

'கண்ணோட்டம்' என்னும் சொல் இன்று பார்வைக்கோணத்தைக் குறிக்கின்றது. வள்ளுவரோ அதனை இரக்கம் என்னும் பொருளில் ஓர் அதிகாரத்திற்கே பெயராக்கினார். அவ்வதிகாரத்தை ஆள்வோர்க்குரிய அரசியலில் வைத்தார். உயர்ந்த இடத்தில் இருப்பவனுக்கே நெடுந்தொலைவு தெரியும். ஆதலின் அவனுக்கே இரக்கம் மிகுதியும் வேண்டும் என்பது அதன் உட்பொருளாகலாம். துணைக்கோள் மனிதனுக்குக் காட்சியைத் தந்துள்ளது. கண்ணோட்டத்தை மனிதனே தருதல் வேண்டும்.