யாரு கேப்பாங்க?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். என் வயிற்றுக்கு அது நன்றாகத் தெரியும். ரேடியோவுக்கும் தெரியும். கல்லாறு வரை காரில் கணீரென்று பாடிக்கொண்டிருக்கும் எஃப்.எம்., மலை ஏற ஆரம்பித்ததும் இருமத் தொடங்கும். பர்லியாரில் இழுத்து இழுத்துப் பேசும். ஒரு வளைவில் பல்லவி, அடுத்த வளைவில் கரகரப்பு, அதற்கடுத்ததில் பட்டுப்புடவைக்குத் தள்ளுபடி. சரணம் எங்கே போச்சு என்று கேட்கக்கூடாது. எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகிற ரகம். மலை குறுக்கே நின்றால் ஒரு சலாம் போட்டுவிட்டு ஒதுங்கிவிடும்.

குன்னூரில் அக்கா வீடு. வருஷத்துக்கு நாலு தடவையாவது போவேன். சில வருஷங்களாக இந்தப் பாதையில் எனக்கு ரேடியோ தேவைப்படவில்லை. கிளம்புவதற்கு முந்தைய இரவே செல்போனில் நாலைந்து பாட்காஸ்ட்டுகளை இறக்கி வைத்துக்கொள்கிறேன். வளைவு, பள்ளம், பனிமூட்டம் எதற்கும் அது அசராது.

பாட்காஸ்ட் என்ற வார்த்தைக்கே இருபது வயசுதான் ஆகிறது. 2004-ல் ஒரு ஆங்கிலப் பத்திரிகையாளர் கட்டுரை எழுதும்போது ஐபாடையும் பிராட்காஸ்டையும் ஒட்டவைத்துச் செய்த சொல். சங்கதி எளிது. யாரோ பேசி ஒலிப்பதிவு செய்து இணையத்தில் வைக்கிறார்கள். நாம் வேண்டும்போது இறக்கிக் கேட்கிறோம். அவ்வளவுதான்.

என் பட்டியலில் முதலிடம் 'பிளானட் மணி'. அமெரிக்கப் பொது வானொலி நிறுவனம் 2008-ல் ஆரம்பித்தது. பி.காம். வகுப்பில் எனக்கு மூன்று வருஷம் புரியாத பொருளாதாரத்தைச் சராசரியாக 25 நிமிஷத்தில் புரிய வைக்கிறார்கள். 2013-ல் ஒரு சாதாரண டீ-ஷர்ட்டை எடுத்துக்கொண்டு, பருத்திக் காட்டிலிருந்து பங்களாதேஷ் தையல் ஆலை வரை அதன் பின்னாலேயே போனார்கள். தைத்த பெண்களிடமும் பேசினார்கள். அடுத்தது பி.பி.சி.யின் 'இன் அவர் டைம்'. மூன்று பேராசிரியர்களை உட்கார வைத்து, ஒரே விஷயத்தை முக்கால் மணி நேரம் அலசுவார்கள். 1998-ல் வானொலி நிகழ்ச்சியாகப் பிறந்து, பிறகு பாட்காஸ்டாகவும் உலகம் சுற்றியது. அப்புறம் அமித் வர்மாவின் 'தி சீன் அண்ட் தி அன்சீன்'. ஒரு விருந்தாளியோடு 5 மணி நேரம்கூடப் பேசுவார். தமிழில், தீபிகா அருணின் 'கதை ஓசை'. கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு நாவல் படிக்கலாம்.

ரேடியோவைவிட இது ஏன் உசத்தி? என் கணக்கில் மூன்று காரணங்கள்.

ஒன்று, பாட்காஸ்ட் காத்திருக்கும். ரேடியோவில் ஏழே முக்கால் நிகழ்ச்சிக்கு ஏழு ஐம்பதுக்கு வந்தால் போனது போனதுதான். இரண்டு, அவசரம் இல்லை. 'நேரமின்மை காரணமாக இத்துடன் முடித்துக்கொள்கிறோம்' என்று ஒரு நல்ல பேச்சாளரின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள அங்கே ஆள் கிடையாது. மூன்றாவதுதான் முக்கியம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

ஒரு காலத்தில் ரேடியோ கேட்பதற்கே தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. 1980-களில்தான் அது ஒழிந்தது. கேட்பவனுக்கே லைசென்ஸ் என்றால் பேசுகிறவனுக்கு? 1995-ல் உச்ச நீதிமன்றம், ஒலி அலைகள் பொதுச்சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று சொன்னது. 2001 முதல் தனியார் எஃப்.எம். நிலையங்கள் வந்தன. ஆனால் சொந்தமாகச் செய்தி வாசிக்க இன்றுவரை அவற்றுக்கு அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். கோவையில் ஒரு செல்போனும் போர்வையும் வைத்திருக்கிற கல்லூரிப் பையன், போர்வைக்குள் உட்கார்ந்து எதிரொலி இல்லாமல் நாட்டு நடப்பைப் பேசிப் பாட்காஸ்ட் போடலாம். கோடிக்கணக்கில் ஏலம் எடுத்து நிலையம் நடத்துகிறவர் சொந்தமாக ஒரு செய்தி சொல்ல முடியாது. வேடிக்கைதான்.

ஒருத்தர் தேர்ந்தெடுத்துக் கோடிப் பேர் கேட்பது என்றால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1952-ல் பி.வி.கேஸ்கர் மத்திய அமைச்சரானார். சங்கீதம் தெரிந்தவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போனது. ஜனங்கள் ரசனையை உயர்த்திக்கொண்டார்களா? இல்லை, முள்ளைத் திருப்பி சிலோன் ரேடியோவுக்குப் போய்விட்டார்கள். 1957-ல் விவித பாரதி வரும்வரை அங்கேயே இருந்தார்கள். தமிழ்நாட்டில் அதற்குப் பிறகும் இலங்கை வானொலியை விட மனசு வரவில்லை. பி.எச்.அப்துல் ஹமீது குரலுக்காக வேலையை நிறுத்தியவர்கள் என் வீட்டிலேயே உண்டு. முள்ளைத் திருப்பிய அந்த விரல்தான் இன்றைக்குப் பாட்காஸ்ட் இறக்குகிற விரல் என்பேன்.

ஆக, வழக்கு முடிந்தது, தீர்ப்பு பாட்காஸ்ட் பக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2019 ஆகஸ்ட் வரை.

அந்த மாதம் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதில் பாதிக்கும் மேல். அந்த வாரம் நான் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டேன். கரண்ட் போனது. பின்னாலேயே சிக்னல் போனது. வெளியே மண்ணும் தண்ணீரும் இறங்குகிற சத்தம். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவு 40-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதை அங்கே யாரும் மறக்கவில்லை. என் போனிலோ 14 பாட்காஸ்ட்டுகள் பத்திரமாக இருந்தன. ரோமாபுரியின் வீழ்ச்சியைப் பற்றிக் கேட்கலாம். குன்னூர் ரோடு விழுந்ததா இல்லையா என்று கேட்க முடியாது.

தகவல் வந்தது பக்கத்து வீட்டிலிருந்து. அங்கே இருந்த அம்மாவிடம் பேட்டரி போட்ட பழைய டிரான்சிஸ்டர் ஒன்று உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்து, எங்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார். எங்கே மரம் விழுந்தது, பள்ளிக்கூடம் உண்டா, மழை இன்னும் எத்தனை நாள். நாலு வீட்டுக்காரர்கள் குடையோடு அந்த ஜன்னலடியில் நின்றோம். பாட்காஸ்ட்டுக்கு இப்படி ஒரு கூட்டம் சேர்ந்து நான் பார்த்ததில்லை. காதுக்குள் சொருகிய சமாசாரத்தைச் சுற்றி யார் நிற்க முடியும்?

"சின்ன வயசுலேருந்தே ரேடியோதான் தம்பி நமக்கு" என்றார் அந்த அம்மா. பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்து எஸ்டேட். இங்கே வந்து ஓய்வு பெறும்வரை தோட்டத்தில் கொழுந்து பறித்திருக்கிறார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது.

"எங்கள அனுப்பப் போறாங்கன்னு சேதி வந்ததே ரேடியோலதான். எனக்குப் பத்து வயசு. லயத்துல யாருகிட்டயும் ரேடியோ இல்ல. கணக்கப்பிள்ளை வீட்டு வாசல்ல நின்னு எல்லாரும் கேட்டோம். எங்களத்தான் யாரும் கேக்கல."

1964 அக்டோபர் 30. டெல்லியில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சரக்கு இருப்பைப் பிரிப்பது போலத்தான். நானும் வணிகவியல் மாணவன், அந்தக் கணக்கு எனக்குப் புரியாமலில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து வந்தவர்களுக்காக நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் இன்றைய டான்டீ.

தமிழில் 'கேட்பது' என்றால் காதால் கேட்பதும் உண்டு, விசாரிப்பதும் உண்டு. குன்னூரில் 1963-லிருந்து தேயிலை ஏலம் நடக்கிறதே, அங்கே விலை சொல்வதற்கும் 'ஏலம் கேட்பது' என்றுதான் பெயர். அந்த அம்மா பறித்த கொழுந்தை ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். அவரை யாரும் கேட்டதில்லை. நானும்தான். பங்களாதேஷில் டீ-ஷர்ட் தைத்த பெண்ணின் கதை எனக்குத் தெரியும். அக்கா வீட்டு மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கதை, பல வருஷம் அங்கே போய் வந்தும் தெரியாது. பிளானட் மணியில் அவர் வரவில்லை, பாருங்கள்.

இது நடந்து சில வருஷம் கழித்து, அந்த அம்மாவின் பேத்தி காலேஜ் சேர்ந்தாள். கெட்டிக்காரி. அப்பாயி சொல்வதையெல்லாம் செல்போனில் பதிவு செய்து பாட்காஸ்டாகப் போட ஆரம்பித்தாள். முதல் பதிவு 40 நிமிஷம். லயம், பனி, கப்பல், முகாம். நடுவில் குக்கர் விசில்கூட உண்டு. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, ஒரு பைசா லைசென்ஸ் இல்லை. வாழ்நாள் முழுக்க ரேடியோ கேட்டுக்கொண்டே இருந்தவர் முதல்முறையாகப் பேசுகிறார். பாட்காஸ்ட் உசத்தி என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

பதிவின் கடைசியில் அந்த அம்மா பேத்தியிடம் கேட்கிறார்: "இதெல்லாம் யாரு கேப்பாங்க?"

அந்தப் பெண் சிரித்துவிடுகிறாள். பதில் சொல்லவில்லை.

எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் எல்லோரும் பேசலாம் என்ற சுதந்திரத்தோடு இன்னொன்றும் சேர்ந்தே வந்திருக்கிறது. யாரும் கேட்க வேண்டாம் என்ற சுதந்திரம். ரேடியோவில் பாட்டுக்கும் செய்திக்கும் நடுவே, நாம் கேட்காமலே ஒரு குரல் வந்து உட்காரும். தென்கச்சி கோ.சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' வேண்டும் என்று எந்த வீட்டிலும் முதல் நாளே விண்ணப்பம் போட்டிருக்க மாட்டார்கள். பல் துலக்கிக்கொண்டு நிற்கும்போது காதில் விழுந்தது, நின்று கேட்டார்கள், அப்புறம் தினமும் கேட்டார்கள். பாட்காஸ்டில் அந்தத் தற்செயல் குறைவு. நான் கேட்டதைத் தருகிறது, நான் கேட்டதைப் போலவே இன்னும் பத்தைச் சிபாரிசு செய்கிறது. கொஞ்ச நாளில் எனக்குப் பிடித்தவர்கள், எனக்குப் பிடித்ததை, எனக்குப் பிடித்த மாதிரி சொல்லும் சொந்த நிலையம் ஒன்று என் காதுக்குள் நடக்கிறது. அதன் இயக்குநர் நான்தான். எனக்குப் பிடிக்காத குரலுக்கு அங்கே வேலை இல்லை.

அப்போ கேஸ்கர் செய்தது சரியா? நல்லதைத் திணிக்கலாமா? கூடாது. அவர் அடுத்தவன் காதுக்குச் சட்டம் போட்டார், அதுதான் தப்பு. என் காதுக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொள்வதில் தப்பில்லை. திருக்குறளில் 42-ஆவது அதிகாரம் 'கேள்வி'. பத்துக் குறளும் கேட்பதைப் பற்றித்தான். வள்ளுவர் அதை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில், ஆள்கிறவனுக்குச் சொல்கிற இடத்தில் வைத்தார். இன்றைக்கு ஆளுக்கொரு நிலையத்தை ஆண்டுகொண்டிருக்கிறோம் என்றால், அந்த அதிகாரம் நம் எல்லோருக்கும்தான்.

அதனால் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறேன். வாரத்தில் ஒரு மணி நேரம், நானாக இருந்தால் தேர்ந்தெடுக்காத ஒன்றைக் கேட்பது. என் கட்சியில்லாத ஆள், எனக்குப் பழக்கமில்லாத ஊர்ப்பேச்சு, எனக்குத் தேவையே இல்லாத தொழில். பாதியில் நிறுத்தக் கை துறுதுறுக்கும். சில சமயம் நிறுத்தியும் இருக்கிறேன். லாபமா நஷ்டமா என்று வருஷக் கடைசியில்தான் தெரியும். அதோடு அக்கா வீட்டில் ஒரு டிரான்சிஸ்டரும் நாலு பேட்டரியும் வாங்கி வைத்தாயிற்று. மழைக்கு என் ரசனை தெரியாது.

போன மாதம் குன்னூர் போகும்போது அந்த அம்மாவின் மூன்றாவது பதிவை இறக்கிக்கொண்டேன். இதுவரை கேட்டவர்கள் 11 பேர் என்று காட்டியது. கல்லாறில் ஆரம்பித்தேன். வண்டியில் வந்த நண்பர், "பாட்டு போடலாமே சார்" என்றார். "கொஞ்சம் பொறுங்க" என்றேன். மூன்றாவது வளைவில், மண்டபம் முகாமில் தொலைந்துபோன ஒரு தகரப் பெட்டியைப் பற்றி அந்த அம்மா சொல்ல ஆரம்பித்தார். ஒன்பதாவது வளைவில் நண்பர் சத்தத்தைக் கூட்டினார்.

12 பேர்.