சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நீ பெட்டியைத் தூக்கு!

"பச்சோந்திதானே, செத்தால் சாகட்டும்" என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். உன் கண்ணெதிரே ஓர் உயிர் வயிறு நிறைய முட்டையோடு தவிக்கிறது. கம்பியில் ஏறுகிறது, இறங்குகிறது, மூலையைப் பிறாண்டுகிறது, தோண்ட மண் கிடைக்காமல் திரும்புகிறது. தங்கச்சி, அழுதது போதும். எழுந்திரு! உன் கையால் ஆகிற வேலை நிறைய இருக்கிறது.

தலையில் உயர்ந்த கொண்டை வைத்த ஏமன் நாட்டுப் பச்சோந்தி, ஆணோடு சேராமலே முட்டை வைக்கும். ஓர் ஈட்டில் இருபது, முப்பது, சில வேளை அதற்கு மேலும் இருக்கும். மரத்திலேயே வாழும் அது, முட்டையிடத்தான் தரைக்கு இறங்கும். ஈர மண்ணைக் குடைந்து, இட்டு, மூடிவிட்டுப் போகும். அந்த மண் இல்லையென்றால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து குறைந்தாலும், தண்ணீர் போதாவிட்டாலும், புறஊதா ஒளி படாவிட்டாலும் தசைக்கு முட்டையைத் தள்ளும் வலு இருக்காது.

ஆகவே ஒரு வாளி எடு. கழுவிய ஆற்று மணலை ஓரடி ஆழத்துக்குப் போடு. பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. கூண்டைச் சுற்றித் துணி கட்டு. யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் அது பாதியில் தோண்டுவதை விட்டுவிடும். எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கு. அதுவும் வீரம்தான்!

பகலில் கண்ணை மூடிக் கிடக்கிறதா? கிளையைப் பற்ற முடியாமல் நழுவுகிறதா? இனி ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. வயிற்றை அமுக்காதே, உள்ளே முட்டை உடைந்தால் உயிர் போகும். ஊசி மருந்தை நீயே தேடி அலையாதே. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நீரேற்றி, கால்சியம் கொடுத்து, தேவைப்பட்டால் அறுவை செய்வது டாக்டரின் வேலை. அவரிடம் கொண்டு சேர்ப்பது உன் வேலை.

மாடும் ஆடும் வரிசையில் நிற்கும் இடத்துக்குப் பச்சோந்தியோடு போனால் சிரிப்பார்களே என்று கூசுகிறாயா? நீ எந்த மண்ணில் நிற்கிறாய் என்று யோசி! ஒரத்தநாட்டில் தன் அன்புக்குரிய முக்தாம்பாள் பெயரில் சத்திரம் எழுப்பியவர் தஞ்சை சரபோஜி மன்னர். பயணத்தின் நடுவே சத்திரத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு மருந்து கொடுத்து, பிள்ளை பெற்றபின் மூன்று மாதம் தங்கவும் இடம் தருகிறோம் என்று 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதியவர். அவருடைய தன்வந்திரி மகாலில் மனிதருக்கும் மருந்து செய்தார்கள், விலங்குக்கும் செய்தார்கள். அதே ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளுக்கு நடுவே மறுநாளே அரிவாளோடு இறங்கிய ஊர் இது. இங்கே பிறந்தவள் நாலு பேர் சிரிப்புக்கு ஒடுங்குவதா?

கல்லூரிக்குப் போ. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகியவர் யார் என்று வாய்விட்டுக் கேள். அங்கே இல்லையென்றால் எங்கே இருக்கிறார் என்று கேள். சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போகச் சொன்னாலும் போ. அந்த வேப்பேரிக் கல்லூரியில்தான் சக்குபாய் ராமச்சந்திரன் 1952இல் பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவர் ஆனார். பெண்ணுக்கு ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டவர்கள் அன்றைக்கு இல்லாமலா இருந்திருப்பார்கள்?

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நம் வேலியோரத்துப் பச்சோந்தியைப் பிடித்து வளர்க்காதே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதைக் காக்கிறது. அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல். அதற்கு விஷம் கிடையாது. கல்லெறியும் பையன்களின் கையைப் பிடித்துத் தடுக்கவும் உனக்குத் தைரியம் வேண்டும். வெளிநாட்டுப் பச்சோந்தி என்றால் அதே சட்டத்தின் கீழ் வந்த 2024 விதிகளின்படி பதிவு செய்திருக்க வேண்டும்; அந்தத் தாளையும் கையோடு எடுத்துக்கொள்.

காற்றோட்டமான பெட்டியில் துணி விரி. பற்றிக்கொள்ள ஒரு குச்சி வை. முதல் பஸ்ஸில் ஏறு!