விரல் ஆடுது, மூச்சு எங்கே?

இராணுவ இசைக்குழுவில் கச்சேரி வாரம் வந்துவிட்டால் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "முடியாத இடத்துல ஊதாத தம்பி. விரல மட்டும் ஆட்டு. அம்பது பேர்ல யாருக்குத் தெரியப் போவுது?"

சிங்கப்பூரில் தேசிய சேவை செய்யும் நான் அந்தக் குழுவில் மூன்றாம் கிளாரினெட் பயிற்சியாளன். மெட்டு பெரும்பாலும் முதல் கிளாரினெட்டுக்குப் போய்விடும். அதற்கு அடியில் ஓடும் சுரங்கள்தான் எங்களுக்கு. நான் இரண்டு வரி விட்டாலும் அரங்கில் யாரும் கேட்கப் போவதில்லை. அப்படியானால் விட்டால் என்ன?

'ஏமாற்று வேலை' என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் அந்த அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேகமான இடத்தில் ஒருவர் பிசகினால் பக்கத்தில் இருப்பவரும் தடுமாறுவார். கோயில் திருமுறை வகுப்பிலும் சுருதி சேராதவர் தணிந்து பாடுவது மற்றவர்களுக்கு உதவிதானே!

ஆகவே மௌனம் தப்பில்லை. அதை எப்போது முடிவு செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

திங்கட்கிழமை கடினமான எட்டு பாரைப் பாதி வேகத்தில் மெட்ரோனோம் வைத்து ஊதிப் பார்க்கிறோம். செவ்வாய், புதன் கிளாரினெட் பிரிவு மட்டும் கூடிப் பயிற்சி. வியாழன், வெள்ளி முழுக் குழு. சனிக்கிழமை கச்சேரி. அன்றும் ஒரு பார் கைக்கு வரவில்லை என்றால், பக்கத்தில் இருப்பவரிடம் "இத நீங்க பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு விடலாம். அது அடக்கம். திங்கட்கிழமையே "விரல ஆட்டிக்கலாம்" என்று முடிவு செய்வது சோம்பல். சனிக்கிழமை இரவு பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நம் மனசுக்குத் தெரியாதா?

இன்னொரு சாக்கும் உண்டு. "நானா கேட்டு வந்தேன்? கட்டாய சேவைதானே!" உண்மைதான், 1967 முதல் சிங்கப்பூரில் தேசிய சேவை கட்டாயம். ஆனால் சட்டம் நம்மை நாற்காலி வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். உட்கார்ந்த பிறகு எப்படி உழைப்பது என்பது நம் கையில்தான்.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் 'பலனில் உனக்கு உரிமையில்லை' என்ற கருத்தைக்கூடச் சிலர் சாக்காக்குகிறார்கள். பலன்தான் நமதில்லையே, எப்படிச் செய்தால் என்ன என்று. கண்ணன் விடச் சொன்னது பலன்மேல் உள்ள பற்றை, செயலை அல்ல. கைதட்டல் வராத மூன்றாம் கிளாரினெட்டைவிட இதைப் பழக நல்ல இடம் ஏது?

அதே கீதையின் முதல் அத்தியாயத்தைக் கவனியுங்கள். கண்ணனின் சங்கு பாஞ்சஜன்யம், அர்ஜுனனின் சங்கு தேவதத்தம் என்று சங்குகளுக்கும் பெயர் இருக்கிறது. அதே போர்க்களத்தில் பேரிகைகளும் முழவுகளும் கொம்புகளும் முழங்கின. அவற்றை வாசித்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் களம் அதிர்ந்ததில் அவர்கள் பங்கும் உண்டு.

இராணுவ இசைக்குழுக்களுக்காக ஹோல்ஸ்ட் 1909இல் எழுதிய முதல் தொகுப்பிசையிலும் இதைப் பார்க்கலாம். அதன் முதல் பகுதி முழுவதும் ஒரே எட்டு பார் மெட்டின்மேல் நிற்கிறது. அந்த மெட்டைத் தொடங்கி வைப்பவை முன்வரிசைக் கருவிகள் அல்ல, டியூபாவும் யூபோனியமும்.

இளைஞர் மன்றத்திலும் இதே கதைதான். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் பத்துப் பேர் சட்டை போட்டு நிற்போம், நான்கு பேர் தூக்குவார்கள். முடியாதவர் "முடியல" என்று சொல்லி உட்காரலாம், அதில் வெட்கமில்லை. தூக்குவது போல நிற்பதுதான் தப்பு. அடுத்த திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கும் நாளிலேயே நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: வருவது வேலைக்கா, சட்டைக்கா?