ஒரே பந்தி

ஒருவரின் அந்தஸ்தை அவருடைய சாப்பாட்டை வைத்தே சொல்லிவிடலாம் என்ற நிலை கோடம்பாக்கத்தில் ஒரு காலத்தில் இருந்தது. கதாநாயகனுக்கு வீட்டு கேரியர், டெக்னீஷியன்களுக்கு வேறு சமையல், லைட்மேனுக்கும் துணை நடிகர்களுக்கும் பொட்டலம். மதியம் பிரேக் விட்டதும் யார் எங்கே உட்காரலாம் என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். இந்த வரிசையைக் கலைத்தவர் என்று திரைத்துறையினர் பலரும் இன்றும் சொல்வது நடிகர் விஜயகாந்தைத்தான். தான் சாப்பிடும் கறியும் மீனும் யூனிட்டின் கடைசி ஆள் இலைவரை போய்ச் சேர வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். தி.நகர் ராஜாபாதர் தெருவில் இருந்த அவருடைய அலுவலகத்தில், வாய்ப்புத் தேடி வந்த எத்தனையோ பேர் பசியாறியிருக்கிறார்கள்.

சாப்பிட்டவருக்குக் கிடைத்தது வெளிப்படை. போட்டவருக்கு என்ன கிடைத்தது? புண்ணியம் என்பார்கள் சிலர். பெயர் என்பவர்கள், 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது தீவுத்திடலில் திரண்ட கூட்டத்தைக் காட்டுவார்கள். அந்தக் கூட்டத்தை அவர் பார்க்கவில்லை. உயிரோடு இருந்தபோது அவருக்கு வாய்த்ததே பெரிது: சுற்றியிருப்பவர்கள் தன்னைக் கண்டு ஒதுங்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கை நனைக்கும் மதிய வேளை. புகழ் வந்த மனிதனிடமிருந்து முதலில் கழன்று போவது அதுதான். தனியே சாப்பிடுகிறவனிடம் உள்ளதை உள்ளபடி பேச ஆள் இருக்காது.

விளம்பரத்துக்காகக் கொடுப்பதும் கொடைதானே என்ற வாதம் சினிமாவில் எப்போதும் உண்டு. வாங்குகிறவரைப் பொறுத்தவரை சரிதான். பசித்தவனுக்கு, போட்டவரின் உள்நோக்கம் எதற்கு? கொடுப்பவர் விஷயம் வேறு. கேமராவைப் பார்த்தபடி நீட்டுகிறவர் வாங்குகிறவரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவருக்குப் புகைப்படம் மிஞ்சும், மனிதர் மிஞ்ச மாட்டார்.

கொடுத்தது பன்மடங்காகத் திரும்பி வரும் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரக் கூடாது. 1965 போரின்போது நகைகளைக் கழற்றி நாட்டுக்குக் கொடுத்த நடிகை சாவித்திரி கடைசிக் காலத்தில் பட்ட பாடு ஊரறியும். வாரிக் கொடுத்த நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் சொத்துச் சேர்த்துவிட்டுப் போனவர் இல்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டு 1947-இல் அவர் விடுதலையானபோது, சம்பாதித்ததில் பெரும்பகுதி கரைந்திருந்தது. கொடுப்பதை ஒரு முதலீடாக நினைத்திருந்தால், அன்றே கையை இறுக்கிக்கொள்ள அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் 1957-இல் கண்மூடும் வரை, கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.