முதுமையில் தற்சார்பு: தன்னலமா, கடமையா?

“யாருக்கும் பாரமாக இல்லாமல் ஆண்டவர் என்னை அழைத்துக்கொள்ளட்டும்.” நம் பங்குகளில் முதியோர் கூடும் இடங்களில் இம்மன்றாட்டைக் கேளாதவர் இரார். இதில் பணிவு உண்டு. பிள்ளைகள் மீது கொண்ட பரிவும் உண்டு. ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்கின், இரண்டு அச்சங்கள் இதனுள் மறைந்திருப்பதைக் காணலாம். உடல் தளர்ந்து பிறர் கையை எதிர்பார்க்க நேருமோ என்பது ஒன்று. எதிர்பார்க்கும் வேளையில் அந்தக் கை நீளாமற் போய்விடுமோ என்பது மற்றொன்று. முதல் அச்சம் இயற்கையைப் பற்றியது. இரண்டாவது மனிதரைப் பற்றியது.

இவ்விரண்டினின்றும் முதியவர் தம்மைக் காத்துக்கொள்ள முற்படுவது முறையா? வீட்டைத் தம் பெயரிலேயே வைத்துக்கொள்வதும், சேமிப்பைத் தம் கையில் நிறுத்திக்கொள்வதும், தம் உடலுக்கென நேரமும் பணமும் செலவிடுவதும் தன்னலம் ஆகுமா? பிள்ளைகளுக்காகவே வாழ்ந்து பழகிய நம் பெற்றோரில் பலர் ‘ஆகும்’ என்றே எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய்வது நன்று.

இக்கேள்வி புதிதன்று, இன்று அது எழும் வீடுகளின் எண்ணிக்கைதான் புதிது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர். தமிழகத்தில் அன்றே நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அவ்வயதினர். பிள்ளைகளோ ஒருவர் அல்லது இருவர். அவர்களும் சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடா நாடுகளிலோ பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். அன்பு குறைந்துவிட்டது என்று சொல்வது எளிது. உண்மையில் பல வீடுகளில் குறைந்தது அன்பு அன்று. அருகில் இருக்கும் ஆள்தான்.

எழுதிக்கொடுப்பதற்கு முன்

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ‘சீராக்கின் ஞானம்’ நமக்கு நன்கு அறிமுகமான நூல். அதன் மூன்றாம் அதிகாரத்தைத் திருக்குடும்பத் திருவிழாவில் கேட்கிறோம். முதுமையில் தந்தையைப் பேணுமாறும், அவர் அறிவு மங்கினாலும் பொறுமை காட்டுமாறும் பிள்ளைகளுக்கு அது அறிவுறுத்துகிறது. ஆனால் அதே நூலின் முப்பத்து மூன்றாம் அதிகாரத்தை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அங்கே ஞானி பெற்றோரை நோக்கிப் பேசுகிறார். உயிர் இருக்கும்வரை மனைவி மக்கள் உட்பட எவருக்கும் தம்மீது ஆளுகை அளித்துவிட வேண்டாம் என்கிறார். உடைமையை முன்னதாகவே ஒப்படைத்துவிட்டுப் பின்னர் அதற்காகக் கெஞ்சும் நிலையைத் தேடிக்கொள்ள வேண்டாம் என எச்சரிக்கிறார். பகிர்ந்தளிக்க வேண்டிய நேரம் வாழ்வின் இறுதி நேரமே என்றும் கூறுகிறார்.

பிள்ளைகளின் கடமையை அவ்வளவு உயர்வாகப் போற்றிய அதே மனிதர்தாம் பெற்றோருக்கு இந்த எச்சரிக்கையையும் தருகிறார். இது முரண்பாடா? இல்லை. கடமையைக் கற்பிப்பவர் மனித இயல்பையும் அறிந்திருந்தார். மகன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று போதிப்பது வேறு. மகன் நல்லவனாக இருந்தால் மட்டுமே தந்தைக்கு உணவு உண்டு என்ற நிலையை உருவாக்குவது வேறு. பின்னது மகனையும் சோதனைக்கு உட்படுத்துகிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷேக்ஸ்பியர் படைத்த லியர் மன்னன் உயிரோடிருக்கும்போதே நாட்டைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, புயலும் மழையும் வீசும் வெளியில் அலைய நேர்ந்ததை உலகம் அறியும். அவன் மூத்த மகளிர் இருவரும் கொடியவர் என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அன்பைச் சொற்களால் அளந்து, அந்த அளவுக்கேற்ப நாட்டைத் தூக்கிக் கொடுத்த தந்தையின் பிழையை எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் ஊர்களில் இது ‘செட்டில்மெண்ட்’ பத்திரமாக வருகிறது. ‘எப்படியும் உனக்குத்தானே’ என்று சொல்லிப் பெற்றோர் கையொப்பமிடுகின்றனர். உயிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் அறிவதில்லை. உயில் எழுதியவரின் மறைவுக்குப் பின்னரே செயலுக்கு வரும்; அதுவரை அவர் அதனை எத்தனை முறையும் மாற்றலாம். இரு சாட்சிகளின் கையொப்பம் அதற்குத் தேவை. செட்டில்மெண்டோ உடனே உரிமையை மாற்றிவிடும். பின்னர் மனம் மாறினாலும் பொதுவாகத் திரும்பப் பெற இயலாது. அவசியம் கருதி எழுதிக்கொடுப்போரும் தம் ஆயுட்காலம்வரை அவ்வீட்டில் வாழும் உரிமையையும், தம்மைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதிவைக்கலாம்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இங்கு நினைக்கத்தக்கது. கைவிடப்பட்ட பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை வழங்க ஆணையிட அச்சட்டம் வழிசெய்தது. பேணுவதாக நிபந்தனை ஏற்றுச் சொத்தைப் பெற்றவர் அதனை மீறினால், அந்தப் பத்திரம் செல்லாது என அறிவிக்கவும் அதன் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. அத்தகைய நிபந்தனை இருந்ததாக நிறுவப்படாவிடில் இப்பிரிவு உதவாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 சனவரியில் வேறொரு வழக்கில், முதியோரின் நலன் கருதி இச்சட்டத்திற்குத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. எனினும், பெற்ற பிள்ளையை எதிர்த்துத் தீர்ப்பாயத்தின் படியேறும் தாய் வென்றாலும் தோற்றவளே. அந்நிலை வராமல் காப்பது இருவருக்கும் செய்யும் நன்மையாகும்.

ஆகவே உடைமையைக் கையில் வைத்திருப்பது அவநம்பிக்கையின் அடையாளம் அன்று. தாய் தன் சொந்த வீட்டில் இருக்கையில் அவளைக் காண வரும் மகன் அன்பினால் வருகிறான் என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவளது தற்சார்பு அவனது அன்பைச் சுதந்திரமானதாக ஆக்குகிறது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. நம் தாய்மாருள் பலருக்குத் தம் பெயரில் வீடும் இல்லை, வங்கிக் கணக்கில் சேமிப்பும் இல்லை. வாழ்நாள் முழுதும் உழைத்தும் அவ்வுழைப்புக்குக் கூலி பெறாதவர்கள் அவர்கள். கணவர் தம் உயிலில் முதலில் எண்ண வேண்டியவர் மனைவியே. தமிழகத்தில் 1962 முதல் வழங்கப்பட்டுவரும் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. வறிய மூதாட்டிக்கு அது தன் மருந்தையும் பேரனுக்கு ஒரு பலகாரத்தையும் தானே வாங்கும் பெருமையைத் தருகிறது. அத்தொகையைப் பெற விண்ணப்பம் எழுதித் தருவதும் நற்செய்திப் பணியே.

உடலைப் பேணுதல்

உடலைப் பற்றிக் கவலைப்படுவது பக்தியுள்ள முதியவருக்குப் பொருந்தாது என்பதும் நம்மிடையே நிலவும் தவறான எண்ணமாகும். தம் மருந்துச் செலவை மிச்சப்படுத்திப் பேரப்பிள்ளையின் கல்விக்குக் கொடுக்கும் பாட்டியை நாம் தியாகி என்கிறோம். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியதால் பக்கவாதம் வந்து அவர் படுக்கையில் வீழ்ந்தால், அந்தத் தியாகத்தின் விலையை முழுக் குடும்பமும் கொடுக்க நேரிடும்.

முதியவரின் தற்சார்பைப் பறிப்பது பெரும்பாலும் பெயர் தெரியாத பெருநோய் அன்று. ஈரமான குளியலறைத் தரையும், இரவில் விளக்கில்லா நடைவழியும், கண்புரையும் அதனைப் பறித்துவிடுகின்றன. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் முன்போல் நடமாட இயலாதவர் பலர். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடியும், படுக்கையருகே ஒரு சிறு விளக்கும், வழுக்காத காலணியும் அதிகச் செலவு வைப்பன அல்ல. பல மருத்துவர்கள் தனித்தனியே எழுதித் தந்த மாத்திரைகளை ஒருங்கே உட்கொள்வதால் வரும் தலைச்சுற்றலும் விழுவதற்குக் காரணமாகும். எல்லா மாத்திரைகளையும் ஒரே மருத்துவரிடம் காட்டி, எது வேண்டும், எது வேண்டாம் எனக் கேட்டறிதல் நலம்.

வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்றும், வாரம் மூன்று நாளேனும் சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சி வேண்டும் என்றும் அறுபத்தைந்தைக் கடந்தோருக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. நாற்காலியைப் பற்றியவாறு எழுவதும் அமர்வதும், காலைத் திருப்பலிக்கு நடந்தே செல்வதும் எவராலும் தொடங்கக்கூடியவை. வயதாகிவிட்டதே என்று உட்கார வைப்பதை நாம் மரியாதை என எண்ணுகிறோம். கீரை ஆய்வதையும், தோட்டத்திற்கு நீர் வார்ப்பதையும், கடைக்குச் செல்வதையும் முதியவரிடமிருந்து பறித்துவிட்டால் அவர் தசையோடு மனமும் தளரும். அவர் மெதுவாகச் செய்யட்டும் என்று காத்திருப்பதே மெய்யான மரியாதை.

நரையில்லாக் கவிஞர்

உடலும் உடைமையும் மட்டும் போதுமா? சங்க காலத்துப் பிசிராந்தையாரின் விடை இங்கு நமக்கு ஒளி தருகிறது. ஆண்டுகள் பல ஆகியும் நரை தோன்றாதது எங்ஙனம் என அவரைக் கேட்டனர். புறநானூற்றில் உள்ள அவரது மறுமொழியில் உணவைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. தம் மனைவியின் மாண்பு, மக்களின் அறிவு, தம் எண்ணமறிந்து நடக்கும் ஏவலர், முறைதவறாது காக்கும் அரசன், தம் ஊரில் வாழும் அடக்கமிக்க சான்றோர் என ஐந்தையும் அவர் காரணமாகக் காட்டினார். தம் நலம் தம்மைச் சூழ்ந்த மனிதரிடமிருந்து வந்தது என்பதே அதன் கருத்து.

அவருடைய நண்பன் கோப்பெருஞ்சோழனுக்கோ படையும் செல்வமும் இருந்தன. ஆயினும் பெற்ற மக்களே பகைத்து எழுந்தமையால் அவன் மனம் உடைந்து வடக்கிருந்தான். அரசனிடம் இல்லாத பாதுகாப்புக் கவிஞரிடம் இருந்தது. வீட்டார், ஊரார், அரசு ஆகிய மூன்றும் ஒருங்கே தாங்கினால்தான் முதுமை நலமுறும் என்பதை அக்கவிஞர் அன்றே கண்டிருந்தார்.

நம் பங்குகளில் இத்தகைய சுற்றம் உருவாக இயலாதா? அன்பியக் கூட்டத்தை நடக்க இயலாதவரின் வீட்டில் நடத்தலாம். புனித வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் இல்லம் சந்தித்தலை நெடுநாள் மரபாகக் கொண்டவர்கள். முதல் வெள்ளியில் அருட்பணியாளர் நற்கருணை கொண்டுவரும் வீடுகளுக்கு, மற்ற வெள்ளிகளில் ஓர் இளைஞர் செய்தித்தாளோடு செல்லலாம். துன்புறுத்தப்படும் முதியோர் அழைக்க 14567 என்ற அரசு உதவி எண்ணும் உண்டு. அதனைப் பங்கு அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம்.

பேதுருவின் இரு பாடங்கள்

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரு நாள் வரும். கை நடுங்கும், பிறர் ஊட்ட வேண்டியிருக்கும். அப்போது தற்சார்பையே வாழ்வின் மதிப்பாகக் கொண்டவர் நிலை என்ன?

யோவான் நற்செய்தியில் பேதுருவின் வாழ்வில் இரு காட்சிகள் உள்ளன. இறுதி இராவுணவின்போது தம் காலடிகளை இயேசு கழுவுவதை அவர் ஏற்க மறுத்தார். உயிர்த்த ஆண்டவரோ கடற்கரையில் அவரிடம், முதுமையில் வேறொருவர் அவருக்கு ஆடை கட்டிவிட்டு அவர் விரும்பாத இடத்திற்குக் கூட்டிச் செல்வார் என முன்னுரைத்தார். அது அவரது மறைசாட்சிய இறப்பைக் குறித்தது என நற்செய்தியாளர் விளக்குகிறார். ஆயினும் முதுமையின் படுக்கையிலிருந்து இதனைக் கேட்பவருக்கு வேறொரு பொருளும் தோன்றும். காலைக் கழுவ அனுமதிக்கக் கற்றுக்கொண்டவரே, பின்னர் ஆடை கட்டிவிடவும் அனுமதிக்க இயலும். கொடுப்பது புண்ணியம் என நமக்குக் கற்பித்தார்கள். நன்றியோடு பெற்றுக்கொள்வதும் புண்ணியமே. அது அதனினும் கடினமானது.

நம் காலத் திருத்தந்தையர் இருவர் இதனை இரு வழிகளில் வாழ்ந்து காட்டினர். 1999இல் முதியோருக்கென மடல் எழுதிய இரண்டாம் யோவான் பவுல், நடுங்கும் கையையும் தளர்ந்த குரலையும் உலகிற்கு மறைக்காமல் 2005இல் மறையும்வரை பணியில் நிலைத்திருந்தார். பதினாறாம் பெனடிக்ட் தம் வலிமை குறைவதை உணர்ந்து, 2013 பிப்ரவரியில், தம் 85ஆம் வயதில், தாமே பொறுப்பைத் துறந்தார். ஒருவர் நிலைத்திருந்தார், ஒருவர் விட்டுக்கொடுத்தார். எவரும் வற்புறுத்தாமல், தம் மனச்சான்றின்படி இருவரும் முடிவெடுத்தனர் என்பதே இங்குப் பொதுவானது. தற்சார்பின் உட்பொருள் அதுவே. யார் உதவியும் வேண்டாதிருத்தல் அன்று அது. உதவி பெறும்போதும் தம் முடிவைத் தாமே எடுக்கும் மனிதராக இருத்தலாகும். ஆகவே படுக்கையில் கிடப்பவரிடமும் ‘எந்தச் சேலை வேண்டும், சன்னலைத் திறக்கட்டுமா?’ என்று கேளுங்கள். கேட்கப்படும்வரை அவர் தற்சார்புடையவரே.

சிலுவையில் தொங்கிய வேளையிலும் இயேசு தம் தாய்க்கு ஓர் இல்லத்தை உறுதிசெய்தார். சீடர் அன்னையைத் தம் வீட்டில் ஏற்றார். சுமையாக அல்ல, தாயாக ஏற்றார். பெற்றோரைத் தாங்க வேண்டிய பொருளைக் ‘கொர்பான்’ என்று கடவுளின் பெயரால் ஒதுக்கிவைத்தோரை அவர் கடிந்துகொண்டதையும் மாற்கு பதிவுசெய்துள்ளார். திருவிழாவுக்கு நன்கொடை அளித்துவிட்டு, பின்கட்டில் இருக்கும் தாயை மறப்பவர் அச்சொல்லை நினைவுகூர வேண்டும்.

எனவே முதியோரே, வீட்டின் சாவியை உங்கள் கையில் வைத்திருங்கள், அதில் குற்றமில்லை. உடலைப் பேணுங்கள், அது பிள்ளைகளுக்கும் செய்யும் உதவி. பாரமாகாமல் போய்விட வேண்டும் என்று மன்றாடுவதைக் காட்டிலும், இருக்கும்வரை நேர்மையாக வாழவும், வேண்டும்போது நாணமின்றிக் கை நீட்டவும் அருள் வேண்டுங்கள். பிள்ளைகளே, அந்தக் கை நீளும்போது அருகில் இருங்கள். குழந்தையாய் இருந்த நாளில் நீங்களும் பாரமாகத்தான் இருந்தீர்கள். அதனை ஒருவரும் பாரம் என்று அழைக்கவில்லை.