கட்டை இறங்கிய பின்

எடப்பாடியை அடுத்த சிற்றூர் ஒன்றில், பங்குனித் திங்கள் இரவொன்றில் நாம் கண்ட கூத்தே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. துரியோதனன் வேடம் பூண்டவர் திரைக்குப் பின்னே நின்று தம் வருகையைப் பாடினார். திரை விலகியதும் சுழன்றாடி வந்து நின்றார். தலையில் மரக்கிரீடம், தோள்களில் புஜக்கட்டை, நெஞ்சில் மார்புப் பதக்கம். அவற்றில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் விளக்கொளியை வாரி இறைத்தன. முன்வரிசையில் இருந்த ஊர்ப் பெரியதனக்காரர் எழுந்தார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பணத்தை இரு கைகளாலும் நீட்டி, "மகாராஜா ஏற்றுக்கொள்ள வேணும்" என்றார்.

பொழுது விடிந்தது. அரிதாரம் அரைகுறையாய்க் கலைந்த முகத்துடன் அக்கலைஞர் தேநீர்க்கடை முன் வந்து நின்றார். பெஞ்சில் அமர்ந்திருந்த அதே பெரியதனக்காரர், தம்மினும் பத்து வயதேனும் மூத்த அம்மனிதரைப் பார்த்து, "ஏண்டா, ராத்திரி நல்லாத்தான் ஆடுன" என்றார். "ஆமாங்க" என்று சிரித்தவர், நின்றபடியே தேநீரைக் குடித்து முடித்தார்.

இரவு எழுந்து நின்று செலுத்திய மரியாதை எவருக்கு உரியது? மரத்துக்கா, மனிதருக்கா?

மரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். கூத்தின் அணிகலன்களைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவது வழக்கம். வேலியோரத்தில் முளைத்து நிற்கும் அம்மரத்துக்குச் சந்தையில் பெருமதிப்பு எதுவுமில்லை. எடை குறைவு என்பதே அதன் சிறப்பு. விடிய விடிய ஆடுபவருக்கு வேறு மரம் தாங்காது. பெருவேடம் புனைவதைக் 'கட்டை கட்டுதல்' என்றே கலைஞர்கள் வழங்குவர். இக்கட்டை முகத்தை மறைக்கும் முகமூடி அன்று. முகத்தைச் சூழ்ந்து நின்று அதனை வேறொரு முகமாக ஆக்குவது. உருவங்கள் குறித்த நம் மார்க்கத்தின் நிலையை வாசகர் நன்கறிவர். நாம் இங்கு எடுத்துக்கொண்டது அவ்வழக்கை அன்று.

வேடத்துக்குச் செய்த மரியாதை வேடத்தோடு முடிவதில் குற்றமென்ன என்று சிலர் வினவலாம். நீதிபதியின் ஆசனத்துக்கு நாம் எழுந்து நிற்பதில்லையா என்பர். எழுகிறோம். ஆயின் ஆசனத்தை விட்டிறங்கிய நீதிபதியை மறுநாள் காலை எவரும் 'ஏண்டா' என்பதில்லை. அவர் அந்த ஆசனத்துக்குத் தகுதியுடையவர் என்ற நினைவு அவருடனேயே தெருவுக்கு வருகிறது. கூத்தருக்கு மட்டும் அந்நினைவு வாராமல் தடுப்பது எது? பிறப்பும் கூலியும் என்பதன்றி வேறு விடை நமக்குத் தோன்றவில்லை. இருமுகம் காட்டுபவனை நயவஞ்சகன் என்கிறோம். அன்று இருமுகம் காட்டியவர் கட்டை கட்டியவர் அல்லர்.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், பாண்டியகரா மலைச்சரிவுகளில் டோகோன் மக்கள் வாழ்கின்றனர். அவர்களிற் கணிசமானோர் இஸ்லாத்தைத் தழுவியுள்ளனர். மரத்தில் செதுக்கிய முகமூடிகளால் உலகப் புகழ் பெற்றவர்கள் அவர்கள். இறந்தோருக்கான துக்கத்தை முடித்து, அவர்தம் ஆன்மாவை ஊரிலிருந்து முன்னோர்பால் வழியனுப்பும் 'தாமா' என்னும் சடங்கில் அம்முகமூடிகளை அணிந்து ஆடுவர். நம் வடதமிழகத்திலும் கருமாதியை ஒட்டி இரவெல்லாம் கர்ண மோட்சக் கூத்து நிகழ்வதுண்டு. எத்தனை தொலைவு, எத்தனை ஒற்றுமை! துயருற்ற வீட்டார் தம்மால் சொல்ல இயலாததை, வேறு முகம் பூண்ட ஒருவர் வந்து சொல்லித் தரவேண்டியிருக்கிறது.

1931 முதல் 1933 வரை மார்செல் கிரியோல் என்னும் பிரெஞ்சு அறிஞர் தலைமையில் டக்காரிலிருந்து ஜிபுத்தி வரை சென்ற ஆய்வுக்குழு 3000க்கு மேற்பட்ட பொருள்களைப் பாரிசுக்குக் கொண்டு சென்றது. புனிதப் பொருள்கள் சிலவற்றை ஊரார் விருப்பத்துக்கு மாறாக எடுத்ததையும், குழுவின் செயலாளராயிருந்த மிஷேல் லெய்ரிஸ் 1934இல் வெளியிட்ட தம் நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதினார். கிரியோல் டோகோன் முகமூடிகளைப் பற்றி 1938இல் பெருநூல் ஒன்றையும் வெளியிட்டார். இன்று அத்தகைய முகமூடிகள் பாரிசின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள், இதமான ஒளியில் நிற்கின்றன. அவற்றை அணிந்து ஆடிய கால்கள் யாருடையவை? மரத்தை வணங்கி மனிதரை விட்டுவிடும் பழக்கம் எடப்பாடித் தேநீர்க்கடைக்கு மட்டும் உரியதன்று.

வேறு விதமான வழக்கமும் நம்மிடையே இல்லாமலில்லை. தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் நிகழும் பாகவத மேளாவில் நரசிம்ம முகம் அணிபவர் விரதம் காத்த பின்னரே அதைத் தொடுவார். அங்கே முகம் மனிதரிடம் ஏதோ ஒன்றைக் கேட்கிறது. மனிதரும் அதைத் தருகிறார். நம் சேலத்துக் கூத்தர் தருவது அதற்குக் குறைந்ததா? பல நூறு பாடல்களை நெஞ்சில் தாங்கி, பகலெல்லாம் கூலிக்கு உழைத்து, இரவெல்லாம் தொண்டை கிழியப் பாடுபவர் அவர். அதே கட்டையை நம் தோளில் ஏற்றிப் பார்த்தால் தெரியும், அரசர் வருவாரா என்பது!

சேலம் மாவட்டத்தில் 'மணல்வீடு' இதழை நடத்திய மு. ஹரிகிருஷ்ணன், 'களரி' என்னும் அமைப்பின் வாயிலாகக் கூத்துக் கலைஞர்களை வேடமின்றியே மேடைக்கு அழைத்துச் சிறப்பித்து வந்துள்ளார். சொந்தப் பெயரால், சொந்த முகத்துக்குக் கிடைத்த சிறப்பு அது.

பெரியதனக்காரரைக் குறை கூறி இத்தனை எழுதியபின் அன்றைய நம் குறிப்பேட்டைப் புரட்டினோம். பாடல், அடவு, கிரீடத்தின் உயரம், திரையின் நிறம் எல்லாம் வரிசையாக இருந்தன. ஆடியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'துரியோதனன்' என்று மட்டும் எழுதியிருந்தோம். தேநீர்க்கடையில் அவருக்கு இரண்டடி தொலைவில்தான் நாம் அமர்ந்திருந்தோம். எழுந்து இடம் தரவுமில்லை, பெயரைக் கேட்கவுமில்லை.