வீரர் என்ற பட்டம்

வங்காள மொழியில் தீயணைப்புத் துறைக்குத் 'தம்கல்' என்று பெயர். அதில் வேலை செய்பவர் 'தம்கல் கர்மி', அதாவது தம்கல் ஊழியர். தமிழில் அவரைத் தீயணைப்பு வீரர் ஆக்கிவிட்டோம். மரியாதையாகத்தான் வைத்த பெயர். ஊழியருக்காவது விடுப்பு உண்டு, சங்கம் உண்டு. வீரர் அழுதால் பார்ப்பவர்களுக்கே சங்கடமாகிவிடுகிறது.

கொல்கத்தா தாகுரியாவில் ஆம்ரி மருத்துவமனை. 2011 டிசம்பர் 9, விடியாத நேரம். அடித்தளத்தில் பிடித்த தீயைவிட, மாடிகளுக்கு ஏறிய புகைதான் கொன்றது. சுற்றிலும் அடைத்த கண்ணாடிச் சுவர். அதை உடைத்துத்தான் நோயாளிகளை இறக்கினார்கள். சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மூச்சுமுட்டி. புகையில் போன உடம்பில் பெரும்பாலும் காயம் தெரியாது, தூங்குவதுபோல இருக்கும். தோளில் போட்டு ஏணியில் இறங்குகிறவருக்கு உயிர் இருக்கிறது என்றே தோன்றும். கீழே டாக்டர் நாடி பார்த்துக் கையை விடும்போதுதான் தெரியும், சுமந்து வந்தது பிணம் என்று. உடனே அடுத்த ஆளைத் தூக்க ஏற வேண்டும்.

அமெரிக்காவில் பல ஊர்களில் மாரடைப்புக்கும் தீயணைப்பு வண்டி ஓடி வரும். இங்கே அதற்கு ஆம்புலன்ஸ் தனி. ஆனால் தீ பிடித்த இடத்தில் அந்தப் பிரிவினை செல்லாது. சாகக் கிடப்பவர் மேல் முதலில் படும் கை பல நேரம் தீயணைப்பு வீரருடையதுதான்.

'தெரிந்துதானே வேலைக்கு வந்தார், சம்பளம் வாங்குகிறாரே' என்பார்கள். பாதி நியாயம். தீயோடு மல்லுக்கட்ட ஒப்புக்கொண்டுதான் வந்தார். அடுத்தவர் விதியை மீறி மிச்சம் பிடித்த காசுக்கு ஆயுசு முழுக்கத் தூக்கம் தொலைக்க ஒப்புக்கொண்டாரா? 2025 ஏப்ரலில் கொல்கத்தா படாபஜார் ஓட்டல் தீயில் 14 பேர் போனார்கள். கரூரிலிருந்து போயிருந்த தாத்தாவும் இரண்டு பேரக்குழந்தைகளும் அதில் அடக்கம். கட்டடத்துக்குத் தீப் பாதுகாப்புச் சான்று தருவதும், உள்ளே ஆளை அனுப்புவதும் ஒரே துறை. கையெழுத்துப் போட்டவர் ஒருவர், பிள்ளைகளைத் தூக்கி வருகிறவர் வேறொருவர். ஆக, இந்த மனச்சுமையைத் தலைவிதி என்று தள்ளிவிட முடியாது. கட்டட முதலாளியும் அரசும் பட்ட கடன் இது.

கடனைத் தீர்ப்பதிலும் ஒரு சிக்கல். சம்பவம் முடிந்த கையோடு ஊழியரை உட்காரவைத்து 'பார்த்ததை எல்லாம் சொல்லு' என்று கேட்கும் முறை ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியது. அது பலன் தரவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது என்று ஆய்வுகள் காட்டின. பேசாமல் இருப்பது அவர் உரிமை. யாரும் அதைப் பிடுங்கக் கூடாது. ஆனால் 'மெண்டல்' என்று பெயராகிவிடும், வண்டியில் ஏற்றமாட்டார்கள் என்று பயந்து வாயைக் கட்டிக்கொண்டால், அந்த மௌனத்துக்கு நிர்வாகம்தான் பொறுப்பு. காரணம் கேட்காமல் நாலு நாள் விடுப்பு, ஃபைலில் ஏறாத ஒரு டாக்டர்: இவ்வளவு கொடுத்தால் எந்த அரசும் ஏழையாகிவிடாது.

2021 மார்ச் 8 அன்று கொல்கத்தா ஸ்ட்ராண்ட் சாலை ரயில்வே கட்டடத் தீயில் இறந்த ஒன்பது பேரில் நால்வர் தம்கல் ஊழியர்கள். பணியில் மாண்டவர்களுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று, 1944இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்து நடந்த நாளில், மலர்வளையம் வைக்கிறார்கள். ஸ்ட்ராண்ட் சாலைக்கு அந்த நால்வரோடு போய்த் திரும்பி வந்தவர்கள் அந்த வரிசையில் அட்டென்ஷனில் நிற்பார்கள், மணி அடித்தால் ஓடுவதற்குத் தயாராக.